மாதாவின் பேழையில் வைத்த போன்

ஜூன் 15, 2020 – திங்கள்

காஸ் சிலிண்டர் மாற்றினேன். போனது முப்பத்தேழு நாள் வந்தது. அதற்கு முந்தையது நாற்பத்தொன்று. நான்கு நாள் எங்கே போயிற்று என்று பார்த்தால், பால் வண்டி பழுதாகிக் கிடந்த வாரத்தில் அதை ஓட்டும் என் வீட்டுக்காரர் பெலார்மீனோ வேளைக்கு ஒரு தரம் வெல்லத் தண்ணீர் காய்ச்சச் சொன்னார். கணக்கு சரியாகிவிட்டது.

நாளை மாதா புறப்படுகிறாள். ஜூலை பதினாறு கார்மேல் மாதா திருநாள். அதற்கு முந்தைய முப்பது நாளும் அவளுடைய சின்னச் சுரூபம் மரப்பேழைக்குள் இருந்தபடி நாளுக்கு ஒரு வீடாக முப்பது வீடு போகும். பதினெட்டு வருடமாக எந்த வீடு, எந்த நாள் என்ற பட்டியல் என் கையில்தான். இந்த ஆண்டு நோய்க்காலம் என்பதால் நகராட்சிச் சுகாதார அலுவலகம் ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறது. பேழைக்குள் ஒரு போன் இருக்க வேண்டும். அதில் அவர்களுடைய ‘அக்கம்பக்கம்’ செயலி இருக்க வேண்டும். அந்தந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தினமும் மாலை நான் என் போனிலிருந்து படிவம் நிரப்ப வேண்டும். யாருக்காவது நோய் வந்தால் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று கண்டுபிடிக்க வசதியாம்.

என் பழைய போனையே வைத்தோம். என் அடையாள எண்ணில் பதிவு செய்தது. அது வழியாகவே முப்பது வீடும் வீடியோவில் மாதாவைப் பார்த்துக்கொண்டு செபமாலை சொல்லலாம். சார்ஜர் ஒயர் போக பெலார்மீனோ பேழையின் பின்பக்கம் ஓட்டை போட்டார்.

“மாதாவுக்கும் நம்பர் வந்துருச்சு எதெல்வீனா. இனிமே முழங்கால் போட வேணாம், மிஸ்டு கால் குடுத்தாப் போதும்.”

சிலுவை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

ஜூன் 16 – செவ்வாய்

முதல் வீடு எங்கள் வீடு. படிவம் நிரப்பினேன். பெயர், வயது, அடையாள எண்ணின் கடைசி மூன்று இலக்கம், இருமல் உண்டா, சுரம் உண்டா. மேலே பூட்டுப் படம் போட்டு ‘தங்கள் விவரம் இரகசியமாகக் காக்கப்படும்’ என்று இருக்கிறது. கீழே ‘நான் தருவது முழுமையான உண்மை என்று உறுதி கூறுகிறேன்.’ அதில் குறியிட்டால்தான் அடுத்த பக்கம் வரும்.

வானொலிப் பாடம் கேட்டு எழுதப் படிக்கக் கற்றவள் நான். கட்டம் ஒன்று காலியாகக் கிடந்தால் என் கை சும்மா இருக்காது.

ஜூன் 19 – வெள்ளி

ஒற்றைத் தேதி. என் அடையாள எண் 415 என்று ஒற்றையில் முடிவதால் இன்று வெளியே போகலாம். பெலார்மீனோவுக்கு மட்டும் பால் வண்டி என்பதால் எல்லா நாளும் அனுமதி. கடை வாசலில் ஒவ்வொருவராக எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். “நானூத்திப் பதினஞ்சு, உள்ள வாங்க!” மூன்று மாதமாக இப்படித்தான். பெயர் மறந்து எண் நிலைத்துவிட்டது. கசாப்புக்கடை செஃபெரீனோவை இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் அறுநூற்றுப் பதினேழு.

முட்டை 11. ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 24 – புதன்

ஒன்பதாவது வீடு அனத்தில்தே அக்காவுடையது. என் மகளுக்கு ஞானத்தாய் அவர். நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். பெலார்மீனோ காலையில் பால் வண்டியில் பேழையை அங்கே இறக்கிவிட்டு வந்தார். மாலையில் படிவத்துக்காகப் போன் செய்தேன். தனியாக இருப்பவர்தானே, ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பின்னால் ஒரு குழந்தை, மாதாவின் கிரீடம் நிஜத் தங்கமா என்று கேட்டது.

“யாரு கொமாத்ரே அது?”

குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பினார். பிறகு சொன்னார். லுசேரோவும் அவள் மகள் மைராவும். ஆறு நாளாக அங்கே இருக்கிறார்கள். லுசேரோ அக்காவின் ஞானமகள். அவள் புருஷன் வில்மார் இந்தத் தடவை இஸ்திரிப் பெட்டியால் சுட்டிருக்கிறான். வலது தோளில். ஊரடங்கில் ஒரே வீட்டுக்குள் அவனோடு அடைந்து கிடந்தால் செத்துவிடுவோம் என்று அவன் வெளியே போகும் ஒற்றைத் தேதி பார்த்துக் கிளம்பிவிட்டாள்.

“அவங்க இங்க இருக்கறது மாதாவுக்குத் தெரிஞ்சாப் போதும். உன் நோட்டுல ஏறக் கூடாது. புரியுதா?”

“சரிங்க கொமாத்ரே.”

சரி என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ‘வீட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர்?’ ஒன்று என்று போட்டேன். கீழே அந்த உறுதிமொழி. முழுமையான உண்மை. மாதா அந்த வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குத் தெரிந்தே நான் பொய் சொல்வதா? நாளைக்கு அந்தக் குழந்தைக்கே நோய் வந்தால்? மருத்துவர்களுக்கு யார் சொல்வார்கள்? பூட்டுப் படம்தான் இருக்கிறதே.

ஒன்றை அழித்து மூன்று என்று போட்டேன். லுசேரோவின் எண் எனக்குத் தெரியும். ஏப்ரலில் பங்குக் கோவிலில் உணவுப் பொட்டலம் கொடுத்தபோது நானே எழுதிய பட்டியலில் இருந்தது. 738.

ஜூன் 25 – வியாழன்

அனத்தில்தே அக்கா கூப்பிட்டார். “எழுதலையே?”

எழுதினேன் என்றேன். இரகசியம் என்று போட்டிருக்கிறது என்றேன்.

“இரகசியம்னு சொல்லித்தான்டி ஊர் முழுக்கச் சொல்லுவாங்க” என்று வைத்துவிட்டார்.

ஜூன் 28 – ஞாயிறு

கசாப்புக்கடை செஃபெரீனோவுக்கு நோய் உறுதியாகிவிட்டது. ஆண்டவர் அவரைக் காக்கட்டும். மாதா அவர் வீட்டில் இருந்தது 22ஆம் தேதி. அன்று முழுவதும் பேழை அவர் கட்டிலருகே இருந்திருக்கிறது.

மதியம் என் புது போனுக்குச் செய்தி: ‘எதெல்வீனா, நீங்கள் நோயாளியுடன் 23 மணி நேரம் நெருக்கமாக இருந்துள்ளீர்கள். ஜூலை 12 வரை வீட்டை விட்டு வெளியேறக் கூடாது.’

நானா? செஃபெரீனோவோடு? இருபத்து மூன்று மணி நேரமா? பெலார்மீனோ வாய்விட்டுச் சிரித்தார். “அவன் கட்டிலுக்குப் பக்கத்துலயா? முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!”

ஜூன் 29 – திங்கள்

சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு யுரானி என்று ஒரு பெண்.

“அம்மா, உங்க போன் அங்க இருந்திருக்கு.”

“போன் இருந்துச்சு தாயி, நான் இல்ல. அது மாதாவோட பேழைக்குள்ள இருக்கு. நீங்கதான் வைக்கச் சொன்னீங்க.”

“உங்க எண்ணுலதானே பதிவு?”

“ஆமா.”

“அப்ப கணினிக்கு அது நீங்கதான்.”

“கணினிக்கு இருக்கட்டும். உனக்கு?”

கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது. “எனக்கு மாத்தற அதிகாரம் இல்லம்மா.”

சரி, நான் அடைந்து கிடக்கிறேன். ஆனால் பேழை பதினான்காவது வீட்டில் இருக்கிறதே, போனை எடுத்துவிடட்டுமா என்றேன். எடுத்தால் அனுமதி ரத்தாம். எடுக்காவிட்டால்? நான் தனிமைப்படுத்தலை மீறி ஊர் சுற்றுவதாக ஆகுமாம். அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க என்று கத்திவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள்.

பங்குச்சாமியைக் கேட்டேன். சுரூபத்துக்குச் சளி பிடிக்காது, பயணம் நடக்கட்டும் என்றார்.

ஜூன் 30 – செவ்வாய்

செய்தி: ‘எதெல்வீனா, நீங்கள் விதியை மீறியுள்ளீர்கள். இது இரண்டாவது எச்சரிக்கை.’ முதல் எச்சரிக்கை எப்போது வந்தது?

ஜூலை 1 – புதன்

தலையில் இடி விழுந்தது போல் இருக்கிறது. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

நகராட்சியின் இணையப் பக்கத்தில் ‘விதி மீறியவர்கள் சென்ற வழி’ என்று ஒரு வரைபடம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் வீட்டிலிருந்து சிவப்புக் கோடு புறப்பட்டு ஒவ்வொரு வாசலாக நின்று நின்று போகிறது. அது என் கோடு. மாதாவின் கோடு. ஒவ்வொரு புள்ளியைத் தொட்டால் அன்று அங்கே ‘தொடர்பில் இருந்தவர்கள்’ பட்டியல். பெயரை மறைத்திருக்கிறார்களாம் – முதல் எழுத்தும் கடைசி மூன்று எண்ணும் மட்டும்தானாம்.

ஒன்பதாவது புள்ளி:

அ. 052
ல. 738
ம. (6 வயது)

எண்ணைப் போட்டு மறைத்திருக்கிறார்கள்! பெயரைப் போட்டிருந்தால்கூட ஊரில் எத்தனையோ லுசேரோ உண்டு. மூன்று மாதமாகக் கடைவாசலில் நின்று கத்திய எண்ணை எந்தப் புருஷன் மறப்பான்? யார் எந்த நாள் கடைக்குப் போவது என்று எல்லா வீட்டிலும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. வில்மார் வீட்டிலும் ஒட்டியிருக்கும். இதை நினைத்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒரு ஆள் இல்லையா? அவர்களும் இந்த ஊரில்தானே ரொட்டி வாங்குகிறார்கள்?

எழுதியது யார்? நான்தான் எழுதினேன். ஒன்று என்று போட்டதை அழித்து மூன்று ஆக்கியது இந்தக் கை.

ஜூலை 2 – வியாழன்

பதினோரு முறை போன் செய்தேன். நேரம் குறித்து வைத்திருக்கிறேன்: 8.05, 8.40, 9.12, 9.15, 10.30, 11.00, 2.02, 2.20, 3.10, 3.45, 4.50. ஒன்பது முறை பாட்டு மட்டும். ஒரு முறை வேறு ஊர் அலுவலகம். கடைசியில் யுரானி. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெண்ணின் உயிர் இதில் இருக்கிறது என்றேன். அவள் பயந்துதான் போனாள், குரலில் தெரிந்தது. “புகார் எண் தர்றேன்மா. அஞ்சு வேலை நாள்ல பதில் வரும்.”

அஞ்சு வேலை நாள்.

ஜூலை 3 – வெள்ளி

வந்துவிட்டான்.

அனத்தில்தே அக்கா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டியிருக்கிறான். முகக்கவசம், சீவிய தலை, கையில் சூடான சீஸ் ரொட்டிப் பை. அவர் சன்னல் வழியாகப் பேசியிருக்கிறார்.

“அம்மா, நல்லாருக்கீங்களா? என் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“உன் குடும்பத்தை நீ எங்க தொலைச்சயோ அங்க போய்த் தேடு.”

“நகராட்சியே போட்டுருக்கு. எழுநூத்தி முப்பத்தெட்டு.” போனைக் கண்ணாடியில் வைத்துக் காட்டியிருக்கிறான். “அரசாங்கம் பொய் சொல்லுமா?”

“அரசாங்கம் உன்னை நல்லவன்னும் போட்டிருக்கும். நம்பிக்கோ.”

சிரித்தானாம். ரொட்டிப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு எதிர்மூலையில் போய் நின்றுகொண்டான். மாலை நான்கு வரை. அவன் எண் 291. ஒற்றைத் தேதி அவனுடையது.

லுசேரோ நாள் முழுவதும் குளியலறையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாளாம். அந்த வீட்டில் சன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டதாகச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 4 – சனி

இரட்டைத் தேதி. இன்று அவன் வர முடியாது, லுசேரோவின் எண்ணும் இரட்டை, இன்றே அவளை எங்காவது அனுப்பிவிடலாம் என்று விடியும்போதே யோசித்து வைத்திருந்தேன். எட்டு மணிக்கு அதே மூலையில் ஒரு மஞ்சள் டாக்சி. வில்மாரின் தம்பி ஹார்வி. அவன் எண் ஆறில் முடிகிறது.

ஒற்றைக்கு அண்ணன், இரட்டைக்குத் தம்பி. தேதியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 6 – திங்கள்

அனத்தில்தே அக்கா காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். பதில்: அவர் தமக்கு அனுமதித்த நாளில்தான் வெளியே வந்திருக்கிறார், முகக்கவசம் போட்டிருக்கிறார், தெருவில் நிற்பது குற்றமில்லை. லுசேரோ நேரில் வந்து புகார் கொடுக்கலாம். வாசலிலேயே நிற்கிறானே, எப்படி வருவாள்? கூடவே, கணக்கில் இல்லாத இரண்டு பேரை வீட்டில் வைத்திருப்பதற்குச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தீர்களா என்று கேட்டார்களாம்.

தெரிவித்தாயிற்று ஐயா. நன்றாகவே தெரிவித்தாயிற்று.

ஜூலை 7 – செவ்வாய்

யுரானியே கூப்பிட்டாள். பக்கத்தை இன்று காலை பத்து மணிக்கு எடுத்துவிட்டார்கள். ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று எனக்குச் செய்தியும் வந்தது.

என்ன தீர்ந்தது? தெருக் குழுவில் அந்த வரைபடத்தைப் படம் பிடித்து ஆறு பேர் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி கீழே எழுதியிருக்கிறாள்: ‘மாதாவுக்கே அபராதமா?’ எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கொட்டின பாலை வாரி எடுத்துவிட்டேன் என்று பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறது இந்த நகராட்சி.

ஜூலை 9 – வியாழன்

அவன் நிற்கிறான்.

ஜூலை 10 – வெள்ளி

தம்பி நிற்கிறான். இன்று மைராவுக்குச் சுரம். மருந்தைப் பெலார்மீனோ பால் பாத்திரத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அந்தப் பய என்னைப் பாத்துத் தலையாட்டறான். கூட ஓடற டிரைவர்ங்கற மரியாதையாம். எனக்குக் கை நமநமன்னு வந்துச்சு.”

ஜூலை 12 – ஞாயிறு

செய்தி: ‘வாழ்த்துகள் எதெல்வீனா! நீங்கள் பொறுப்புள்ள அண்டைவீட்டார்.’ ஒரு பச்சை இதயம்.

போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. இருப்பது ஒன்றுதான்.

ஜூலை 13 – திங்கள்

ஒற்றைத் தேதி. பதினைந்து நாளுக்குப் பிறகு வெளியே. நேரே நகராட்சி. வெளியே இரண்டு மணி நேரம் வரிசை, பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யுரானி. என் மகள் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இருநூறு ஊழியர் வேலையை ஏழு பேர் பார்க்கிறார்களாம்.

நான் எழுதிய படிவத்தைத் திருத்த வேண்டும், ஒன்பதாவது வீட்டில் ஒருவர்தான் என்று மாற்ற வேண்டும் என்றேன்.

“மாத்த முடியாதும்மா. நெருக்கடி முடியற வரைக்கும் எல்லாப் பதிவும் இருக்கணும்.”

“எப்ப முடியும்?”

“யாருக்குத் தெரியும்?”

“அந்தப் பதிவை யார் யார் பார்க்கலாம்?”

சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி ஓட்டை பக்கம் குனிந்தாள். “செயலியைச் செஞ்ச கம்பெனி பார்க்கலாம். போலீஸ் கேட்டாக் குடுக்கணும். இங்க இருக்கற எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்தான்மா. அதோ, சுவத்துல ஒட்டியிருக்கே.”

ஒட்டித்தான் இருந்தது. வரிசையில் நின்றபடியே படித்தேன். ஊர்ப் பெயரும் 2020-ம்.

வெளியே வந்து கோவிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் இப்போது சன்னல் வழியாக. சாமியிடம் எல்லாம் சொன்னேன். நீ பொய் சொல்லவில்லையே, உண்மையைத்தானே எழுதினாய், இதில் பாவம் என்ன என்றார். அதுதான் சாமி எனக்கும் தெரியல என்றேன். அழுகை வந்துவிட்டது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்.

கதவில் திருநாள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த ஆண்டு பூசைக்குக் கூட்டம் கூடாது. ஆனால் ஓட்டுநர்களுக்கு கார்மேல் மாதாவின் ஆசீர் உண்டு. 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு எல்லா வண்டியும் சதுக்கத்தைச் சுற்றி வரிசையாக நிற்க வேண்டும். சன்னலை ஏற்றி, உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசீர் முடியும்வரை எந்த வண்டியும் வரிசையை விட்டு விலகக் கூடாது.

பதினாறு. இரட்டைத் தேதி. வில்மாருக்கு வெளியே வர அனுமதி இல்லாத நாள். தம்பி – டாக்சிக்காரன். இந்த மலையில் வண்டி ஓட்டுகிற எவனும் கார்மேல் மாதாவின் ஆசீர் இல்லாமல் ஒரு வருடம் ஓட்ட மாட்டான். கண்ணாடியில் மாதா படம் தைத்த உத்தரியம் தொங்காத டாக்சியை நான் பார்த்ததில்லை. கொலைகாரன்கூட அன்றைக்கு வரிசையில் நிற்பான்.

அறிவிப்பை இரண்டு முறை படித்தேன்.

ஜூலை 15 – புதன்

பெலார்மீனோவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சதுக்கம் பக்கம் போகாமல் பால் வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அவர் சூப்பைக் குடித்து முடித்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் வண்டிக்கு ஆசீர் வாங்காமல் இருந்ததில்லை. ஒரு வருடம் பிரேக் போய் மலைச்சரிவில் மூன்று முறை உருண்டும் கீறல் இல்லாமல் எழுந்து வந்தார், அது மாதாவால் என்று குடித்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார்.

“மாதா கோவிச்சுக்குவாளா?” என்றார்.

“அவளும் பிள்ளையைத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடினவதானே” என்றேன்.

இன்று காலையில் சரி என்றார். போகும்போது அவர் போன் வீட்டில் இருக்கும். லுசேரோவின் போன் அக்கா வீட்டில், அணைக்காமல், இருக்கிற இடத்திலேயே இருக்கும். எங்கே போகிறார்கள் என்பதை இங்கே எழுதவில்லை. படிவத்தில் எழுதியதே போதும்.

முப்பதாவது வீடு முடிந்தது. பேழை கோவிலுக்குத் திரும்பிவிட்டது. அதற்கு முன் பின்பக்கம் கைவிட்டு போனை நான் எடுத்துவிட்டேன். அவள் காலடியில் அந்த இடம் சூடாக இருந்தது.

ஜூலை 16 – வியாழன். கார்மேல் மாதா திருநாள்.

9.20: டாக்சி அக்கா வீட்டு மூலையை விட்டுப் போய்விட்டது என்று அக்கா சொன்னார். “பொத்தான் வரைக்கும் துடைச்சிட்டுப் போறான், கல்யாணத்துக்குப் போறவனாட்டம்.”

9.35: பெலார்மீனோ கிளம்பினார். காலிக் கேன்கள் பதினாறு.

10.00: மணி அடித்தது. நான் வெளியே போக முடியாது, என்னுடையது ஒற்றை எண். சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

10.10: ஊர் முழுக்க ஆரன். லாரி, பஸ், டாக்சி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றாக அலறுகின்றன. கோழிகள் மூலைக்கு ஓடிவிட்டன. வருடா வருடம் இந்தச் சத்தத்துக்கு நான் அழுவேன், சந்தோஷத்தில். இன்று ஒவ்வொரு ஆரனும் ஹார்வியின் ஆரனாக இருக்க வேண்டும், அவன் அங்கேயே சிக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டினேன். இப்படியும் ஒரு வேண்டுதலா?

10.15: அக்கா போன். “ஏறிட்டாங்க.” அவ்வளவுதான்.

10.50: ஆரன் நின்றுவிட்டது. ஊர் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டியிருப்பார்களா? அங்கே காவலர்கள் செயலியைக் காட்டச் சொன்னால் போனில் சார்ஜ் இல்லை என்று அவர் சொல்வதாகப் பேச்சு. அந்தக் காவலர்களுக்கு அவரைத் தெரியும். இருந்தாலும்.

மேசைமேல் அவருடைய போன் கிடக்கிறது. அதில் செய்தி: ‘பெலார்மீனோ, நீங்கள் இன்று வீட்டிலேயே இருக்கிறீர்கள். நன்றி, நல்ல அண்டைவீட்டாரே!’

1.00: ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு உரித்தேன். வேண்டியதற்கு மேல் உரித்துவிட்டேன்.

2.30: ஒன்றுமில்லை. மூன்று செபமாலை முடிந்தது. நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. எனக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை.

4.40: வந்துவிட்டார். கைகழுவிக்கொண்டே சொன்னார்: “கேனுக்குப் பின்னால ஒக்காந்துட்டு அந்தப் பொடிசு கேக்குது, மாமா, இந்தப் பால் வண்டில ஏன் பாலே இல்லைன்னு. மாட்டுக்கு இன்னிக்குத் திருநாள் லீவுன்னேன். சாவடி வரைக்கும் சிரிச்சுட்டே வந்துச்சு. அங்க போனதும் நான் சொல்லாமயே வாயைப் பொத்திக்கிச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் சூப்பைச் சூடு பண்ணினேன்.

ஜூலை 17 – வெள்ளி

வில்மார் அக்கா வீட்டுக் கதவை உதைத்திருக்கிறான். அவர் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாராம். “வா ராசா. காலைத் துடைச்சிட்டு வா. கட்டிலுக்கு அடியில பாரு. அடுப்புக்குள்ள பாரு. கோழிக்கூட்டுல முட்டை இருந்தா எடுத்துட்டு வா.”

எல்லா அறையும் பார்த்தான். குளியலறையில் அதிக நேரம் நின்றான். போகும்போது சன்னல் கண்ணாடி ஒன்றை உடைத்துவிட்டுப் போனான். இப்போது காவலர்கள் புகார் எழுதிக்கொண்டார்கள். கண்ணாடிக்கு.

ஜூலை 25 – சனி

அந்த மூலையில் இப்போது யாரும் நிற்பதில்லை. ஹார்வி பெலார்மீனோவைக் கண்டால் தலையாட்டுவதை நிறுத்திவிட்டானாம். சந்தேகமோ? இருக்கட்டும்.

பெலார்மீனோ வளைவுகளில் மெதுவாக ஓட்டுகிறார். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4 – செவ்வாய்

காலையில் யுரானி வீட்டுக்கே வந்தாள். முகக்கவசம், கையுறை, தோளில் ஒரு பை. வரைபடத்தில் பெயர் வந்த அனைவருக்கும் நகராட்சி மன்னிப்புக் கடிதம் அனுப்புகிறது, நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று உத்தரவாம். எனக்கு உரியதைக் கொடுத்தாள். ‘ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.’ கடிதத்தின் பின்பக்கம் யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று முழுப் பட்டியல் இருந்தது. முழுப்பெயர், முழு அடையாள எண், முகவரி. எழுபத்து மூன்று பேர்.

விரலால் காட்டினேன். அவள் படித்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

“இதை நான் டைப் அடிக்கலம்மா. குடுத்ததை எடுத்துட்டு வந்தேன்.”

வெல்லத் தண்ணீர் கொடுத்தேன். வாசலில் தள்ளி நின்று குடித்தாள். பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தாள். லுசேரோவுடையது. அனத்தில்தே அக்கா வீட்டுக்குப் போனாளாம், அங்கே அப்படி யாரும் இல்லை என்றாராம். புதிய முகவரியைப் பதிவில் ஏற்றினால்தான் அவள் கோப்பை மூட முடியுமாம்.

“உங்ககிட்ட எல்லாக் கணக்கும் இருக்கும்னு சொல்றாங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்கம்மா?”

பொல்லாத பெண் இல்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் அவளுக்கு. படிவத்தை நீட்டியிருந்தாள், பேனாவும் திறந்திருந்தது. முகவரி என்று ஒரே ஒரு கட்டம்.

“எனக்குத் தெரியாது தாயி” என்றேன்.

அவள் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

முட்டை 9. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். சொல்ல வேண்டியதைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்: யுரானியிடம் கத்தியது, செபமாலையில் எண்ணிக்கை தப்பியது, வில்மார் வளைவில் உருண்டு போகட்டும் என்று இரண்டு முறை நினைத்தது. மறுபடி படித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை.